அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

“மேடம், இந்தக் கம்ப்யூட்டர எப்படியாவது ஆமான்னு சொல்ல வைக்க முடியாதா?” என்று கேட்டார் பேச்சிமுத்து.

பானு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இப்ப என்ன சொல்லுது?”

“இல்லங்குது. எதைக் கேட்டாலும் இல்லங்குது. அந்தப் பேருல இங்க யாரும் இல்லையாம்.”

“யாரு கேட்டாவ?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம், பிரசவ ஆஸ்பத்திரி நர்சுக. காலையிலேருந்து போன் மேல போன்.”

பானு சிரித்தார்.

பானுவிடம் எதைக் கேட்டாலும் பதில் உடனே வராது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கேட்டவரை எங்காவது அனுப்பி வைப்பார். போனவர் திரும்பி வரும்போது பாதிப் பதிலாவது கையில் இருக்கும். வெறும் கோபத்தோடு திரும்பியவர்களும் உண்டு.

மலையடிவாரத்தில் இருந்த அந்த அறக்கட்டளைக்கு மூன்று ஆஸ்பத்திரிகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. மலை மேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பிரசவ ஆஸ்பத்திரி புதிதாக வந்து சேர்ந்தது. மூன்றிலும் உள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று பேச வைப்பது பானுவின் பொறுப்பு. அவருக்குத் துணை பேச்சிமுத்து ஒருவர்தான்.

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு நாற்பத்தேழு. வேலை இல்லாதவர்கள் கேண்டீனில் உட்கார்ந்து கொஞ்ச நாள் இதைப் பேசிச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

பேச்சிமுத்துவுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. நூற்பாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆலை மூடிய பிறகு அவர் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. முகத்தைப் பார்த்துச் சொன்ன இல்லை, போனில் சொன்ன இல்லை, வாட்ச்மேனை விட்டுச் சொன்ன இல்லை என்று எல்லா வகை இல்லையையும் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தார். பானு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தெரியாத வேலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. “கேப்பேன்” என்றார் பேச்சிமுத்து. “நாளைக்கு வாங்க அண்ணாச்சி” என்றார் பானு.

அன்றிலிருந்து சாமி கும்பிடும்போதெல்லாம் பானுவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிடுகிறார். பானு தொழுகிறவர் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. எந்தச் சாமி கேட்டால் என்ன, நல்லா இருக்கட்டும் என்பது அவர் கட்சி.

சரி, நர்சுகளின் சிக்கல் இதுதான்.

மூன்று ஆஸ்பத்திரியிலும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டருக்கு ‘லேப்’ என்றுதான் பெயர். மருந்துக் கிடங்கு என்றால் ‘ஸ்டோர்’, சமையல்கட்டு என்றால் ‘கிச்சன்’. இது என் லேப், அது உன் லேப் என்று பிரித்துச் சொல்ல, பெயருக்குப் பின்னால் அந்தந்த ஆஸ்பத்திரியின் பெயரும் ஒட்டியிருக்கும். பானு அதை வால் என்பார்.

பிரசவ ஆஸ்பத்திரி தனியாக இருந்தவரை நர்சுகள் ‘லேப்’ என்று மட்டும் அடித்தார்கள். அங்கே இருந்ததே ஒரு லேப். அறக்கட்டளையில் சேர்ந்த பிறகு வாலோடு முழுப் பெயரையும் அடிக்க வேண்டியதாயிற்று. அடிக்காவிட்டால், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. ஒரு கையை வலி எடுத்தவளின் வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவ்வளவு நீளம் யார் அடிப்பார்கள்?

இதற்கு வழி இருக்கிறது. எந்தெந்த வாலை எந்த வரிசையில் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். நர்ஸ் அரைப் பெயரை அடித்தால் போதும். மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஒட்டித் தேடிக்கொள்ளும்.

“அந்த வரிசையத்தான் எப்படிப் போடணும்னு கேக்கேன்” என்றார் பேச்சிமுத்து.

பானு நாற்காலியைத் திருப்பினார்.

“ஓ.பி.க்குப் போங்க. நடுவுல நின்னு, அண்ணாச்சின்னு ஒரு சத்தம் குடுங்க. முதல்ல திரும்புறவரக் கூட்டிட்டு வாங்க.”

“எந்த அண்ணாச்சிய?”

பானு திரும்பவும் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பேச்சிமுத்து போனார். நோயாளிகள் டாக்டருக்காகக் காத்திருக்கும் கூடம் அன்றைக்கு நிரம்பி வழிந்தது. கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னபடி நடுவில் நின்று கூப்பிட்டார்.

பாதிக் கூடம் திரும்பியது. முதலில் திரும்பியவர் அவருக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு வாழைக்காய் வியாபாரி. அவருக்குக் கால் வீங்கியிருந்தது. என்னையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, கைத்தாங்கலாக நெட்வொர்க் அறைக்குக் கூட்டி வந்தார் பேச்சிமுத்து.

ஏசி குளிரில் வியாபாரி துண்டைப் போர்த்திக்கொண்டார். கம்ப்யூட்டர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காலை எடுத்து ஸ்டூலில் வைத்து, வேட்டியை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, “பாருங்க டாக்டரம்மா” என்றார்.

“நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி” என்றார் பானு.

“அப்ப என்ன எதுக்குக் கூப்பிட்டீங்க?”

பானு பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து சுவரைப் பார்த்தார்.

வியாபாரிக்கு டீ வந்தது. அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வெளியே அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் கெஞ்சி, வேறு டோக்கன் வாங்கி, டாக்டர் காலைப் பார்க்கும் வரைக்கும் பேச்சிமுத்து அவரோடேயே இருக்க வேண்டியதாயிற்று. மதியச் சாப்பாடு போச்சு.

ஆனால் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“மேடம், பக்கத்துல இருக்கவருதான் முதல்ல திரும்புதாரு. அப்ப அவங்கவங்க ஆஸ்பத்திரி வாலத்தான் முதல்ல போடணும்.”

“சரி” என்றார் பானு. “அதுக்கப்புறம்?”

பேச்சிமுத்து பதிலை யோசிப்பதற்குள் போன் அடித்தது. மலை ஆஸ்பத்திரியில் இடி விழுந்து, கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டிகள் சில கருகிவிட்டனவாம். சில நாள் வேலை என்று சொல்லிவிட்டு, பானு பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அதுக்கப்புறம் என்ற கேள்வி அறையிலேயே நின்றுவிட்டது.

பேச்சிமுத்து அதற்குத் தானே பதில் கண்டுபிடித்தார். ரொம்ப நல்ல மனசோடு கண்டுபிடித்தார். அதுதான் வம்பாகப் போயிற்று.

அவர் நினைத்தது இதுதான். முதலில் சொந்த ஆஸ்பத்திரி வால். அதில் கிடைக்கவில்லையென்றால் அடுத்த ஆஸ்பத்திரி வால். அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. மூன்று வாலையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டால், எங்கே இருந்து யார் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு வீட்டில் ஆள் இருக்கும். யாருக்கும் இல்லை என்ற பதிலே வராது. அந்தச் சொல் ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும். தன்னால் முடிந்தவரைக்கும் மூன்று ஆஸ்பத்திரியிலும் அது யார் காதிலும் விழக் கூடாது என்று நினைத்தார்.

அப்படியே செய்தார்.

போன்கள் நின்றன. பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் கூப்பிட்டு, இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று நன்றி சொன்னார். பேச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேடம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

பானு இறங்கி வருவதற்கு முன்னால் பிரசவ ஆஸ்பத்திரியில் பழைய லேப் கம்ப்யூட்டர் புகைந்துபோனது. புதியதைக் கொண்டுவந்து வைத்த கம்பெனி ஆள் அதற்கு வேறு பெயர் வைத்தார். பழைய பெயரை, டி.என்.எஸ். என்கிற பெயர்ப் பதிவிலிருந்து நீக்கினார். அவர் வேலையில் குற்றம் சொல்ல முடியாது. இருக்கிற பெயரை எழுதினார், இல்லாத பெயரை எடுத்தார். நர்சுகளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

ஆக, ‘லேப்’ என்று அந்த ஆஸ்பத்திரியில் இப்போது ஒன்றும் கிடையாது.

அன்றைக்கு மாரிச்செல்வி என்ற பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மதியத்துக்கு மேல் உதிரப்போக்கு அதிகமானது. உடனே ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அவளிடம் எடுத்த ரத்த மாதிரியை ஓர் ஆயா லேப்புக்குக் கொண்டு ஓடினார். நர்ஸ் கம்ப்யூட்டரில் கோரிக்கைச் சீட்டைப் போட்டு, எப்போதும் போல ‘லேப்’ என்று அடித்து அனுப்பினார்.

பேச்சிமுத்து மாற்றாமல் இருந்திருந்தால் கம்ப்யூட்டர் அந்த நிமிஷமே இல்லை என்று சொல்லியிருக்கும். நர்ஸ் திட்டிக்கொண்டே எழுந்து, நாலு அறை தள்ளியிருந்த லேப்புக்கு நடந்திருப்பார்.

இப்போது கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லவில்லை. சொந்த வாலை ஒட்டிப் பார்த்தது, ஆள் இல்லை. அடுத்த வாலை ஒட்டியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரியின் லேப் கிடைத்தது. சீட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அனுப்பியாச்சு என்று பச்சை நிறத்தில் காட்டியது.

ரத்த மாதிரி ஒரு கரையில், சீட்டு மறு கரையில். சீட்டு வரட்டும் என்று அந்த லேப் காத்திருந்தது. ரத்தம் வரட்டும் என்று பிரசவ அறை காத்திருந்தது. மாரிச்செல்வியின் கணவன் லிங்கதுரை, லேப் ஜன்னலுக்கும் பிரசவ அறைக்கும் நடந்துகொண்டிருந்தான். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது. கம்ப்யூட்டர்ல அனுப்பியாச்சு தம்பி, வந்துரும்.

பெரிய ஆஸ்பத்திரி லேப்பில் அன்றைக்கு வேலையில் இருந்தவர் அமலோற்பவம். சீட்டு அவர் திரையில் வந்து நின்றது. கூட ரத்த மாதிரி வரவில்லை. வரும் என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். மாதிரி தாமதமாக வருவது அங்கே புதிதல்ல. அவர் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு வார்டு வார்டாகப் போன் போட்டார். மாரிச்செல்வி என்று யாரும் கிடையாது என்றார்கள். உடனே ஆற்றுக்கு அந்தப் பக்கம் போட்டார்.

“மாரிச்செல்விங்கிற பேருல இங்க யாரும் இல்ல. உங்ககிட்ட இருக்காவளா?”

அந்தப் பக்கம் போனை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நர்ஸ் அப்படியே போட்டுவிட்டு லேப்புக்கு ஓடியிருக்க வேண்டும்.

ரத்தம் ஏறியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

அமலோற்பவம் அதற்குப் பிறகுதான் நெட்வொர்க் அறைக்குப் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. ஒரு சீட்டு வழி தவறி வந்துவிட்டது, என்னவென்று பாருங்கள் என்றார்.

பேச்சிமுத்து பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. மலைக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் பானுவிடம் சொன்னார்.

“மத்த ரெண்டு வாலையும் எடுங்க” என்றார் பானு. “காலைல வந்துருதேன்.”

எடுத்தார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் சொந்த வால் ஒன்று மட்டும் மிஞ்சியது.

காலையில் பானு உள்ளே வந்தபோது பேச்சிமுத்து எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்து, மேசையில் இருந்த தன் சாமான்களைப் பையில் போட்டு வைத்திருந்தார்.

“நான் போயிருதேன் மேடம்.”

“எங்க?”

அது அவருக்கே தெரியாது. “அந்தப் புள்ள செத்திருந்தா?” என்றார்.

“சாகல அண்ணாச்சி.”

“செத்திருந்தா மேடம்?”

பானு பையைக் கீழே வைத்தார். “அதுக்கப்புறம்னு கேட்டவ நான்தான். பதிலக் கேக்காம ஜீப்புல ஏறுனவளும் நான்தான்” என்றார்.

பிறகு போனைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

“இன்னைக்குப் போன் உங்களோடது. சாயங்காலம் வரைக்கும் நீங்கதான் எடுக்கணும். அப்புறம் ஆபீசுக்குப் போய் நடந்தத நீங்களே சொல்லணும். அதுக்கப்புறமும் போகணும்னு இருந்தா போங்க.”

போன் அடித்தது.

மலை ஆஸ்பத்திரி. ‘கிச்சன்’ என்று அடித்தால் இல்லை என்று வருகிறதாம். நேற்று வரைக்கும் அனுப்பியாச்சு என்று வந்ததாம். பேச்சிமுத்து தோண்டிப் பார்த்தார். மலை ஆஸ்பத்திரி கிச்சனில் கம்ப்யூட்டரே கிடையாது. அவர் வாலைப் போட்ட நாளிலிருந்து அங்கே கேட்ட கஞ்சியெல்லாம் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சப்பட்டிருக்கிறது. தினமும் ஏன் கஞ்சி மிஞ்சுகிறது என்று இங்கே சமையல்காரர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மலையிலோ, கஞ்சி வரவில்லை என்று சொல்லத் தங்கள் சமையல்கட்டுக்கு ஆள் விட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

“நல்லவேளை சொன்னீங்க” என்றார் பேச்சிமுத்து.

போன் மறுபடி அடித்தது. இப்போது ‘ஸ்டோர்’. அதற்குப் பிறகு எக்ஸ்ரே. பிறகு ஆம்புலன்ஸ் கொட்டகை. ஒவ்வொரு இல்லைக்கும் பின்னால் ஒரு சீட்டு எங்கேயோ தவறான வீட்டில் போய் உட்கார்ந்திருந்தது. தவறான வீட்டுக்காரர்களும் அதை மரியாதையாக வாங்கி வைத்திருந்தார்கள். பேச்சிமுத்து ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்துக்குக் கொண்டுபோனார். இல்லாத பெயருக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்தார். மூன்று ஆஸ்பத்திரிக்கும் பொதுவான சில கம்ப்யூட்டர்களுக்கு மட்டும், முழுப் பெயரைத் திரையிலேயே பதித்து, இதைத் தொட்டால் போதும் என்று காட்டினார்.

மதியம் தாண்டியபோது அவர் போனை எடுக்கிற விதமே மாறிவிட்டது. கூப்பிட்டவர்கள் சண்டைக்குத் தயாராக வந்தார்கள். “இல்லன்னு வருதா? ரொம்ப நல்லது, சொன்னதுக்கு நன்றிம்மா. இந்தா பாக்கேன்” என்றார் இவர். அவருக்கு நன்றி மனசிலிருந்துதான் வந்தது. ஒரு நர்ஸ், அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று பானுவிடம் தனியாக விசாரித்தார்.

ஆனால் சாயங்காலம் நெருங்க நெருங்க அவர் கண் கடிகாரத்துக்கே போயிற்று. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடியப் போகிறது. அவரை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மேனேஜர் அந்த மாதம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த நேரத்தில் போய், ஒரு தாயும் பிள்ளையும் சாகப் பார்த்தது என்னால்தான் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டில் மனைவியிடமே இன்னும் சொல்லவில்லை.

அவர் ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் ஆபீஸ் இங்கே வந்துவிட்டது. மேனேஜரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஓர் இளைஞன். கையில் ஸ்வீட் டப்பா. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“இவருதான் நீங்க கேட்ட பேச்சிமுத்து” என்றார் மேனேஜர். அவர் முகத்திலும் பெருமை.

இளைஞன் டப்பாவை மேசையில் வைத்தான். சட்டென்று குனிந்து பேச்சிமுத்துவின் காலைத் தொட்டான்.

“நான் லிங்கதுரை சார். மாரிச்செல்வி வீட்டுக்காரன். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தப்பு நடந்ததக் கண்டுபுடிச்சு ரத்தத்த வர வச்சது நெட்வொர்க் ரூம் சார்தான்னு சொன்னாவ. பேரு கேட்டுக்கிட்டு வந்தேன்.”

பேச்சிமுத்து காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எவ்வளவு சுலபம். ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா தலையை ஆட்டினால் போதும். கேட்ட பெயர் இவருடையது. வந்த இடம் இதுதான். மேனேஜர் தோளில் தட்டிக் கொடுப்பார். இந்தப் பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போவான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பானு தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான் இல்ல தம்பி” என்றார் பேச்சிமுத்து.

லிங்கதுரைக்குப் புரியவில்லை. “பேச்சிமுத்து சார்னுதான சொன்னாவ?”

“பேச்சிமுத்து நான்தான். நீங்க தேடி வந்தது நான் இல்ல.”

“அப்ப நீங்க?”

“உங்க சீட்டு வழி தவறிப் போனதுக்குக் காரணம் நான். வரிசையத் தப்பாப் போட்டவன் நான். அந்தச் சீட்டு இங்க வந்தது என்னாலதான்.” இரண்டு கையையும் கூப்பினார்.

மேனேஜரின் முகம் மாறியது. அவர் பானுவைப் பார்த்தார். பானு எழுந்து வந்து பேச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் நின்றார்.

“இவரு எங்க ஆளு சார்” என்றார். “இன்னைக்கு இந்த ரூமுல நடந்தது எல்லாத்தையும் நான் வந்து சொல்லுதேன். இவர விட்டா எனக்கு வேற ஆள் வேண்டாம்.”

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “சரி, வாங்க பேசுவோம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று பேச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்றது தெரிந்தது. தெரியாததைக் கேட்பேன் என்று மட்டும் சொல்லி வந்த தனக்கு இத்தனை பெரிய இடம் எப்படிக் கிடைத்தது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

லிங்கதுரை அப்படியே நின்றுகொண்டிருந்தான். கோபப்படுவான் என்று பேச்சிமுத்து எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தார். நேற்று லேப் ஜன்னலுக்கும் பிரசவ அறைக்கும் நடந்த நடையெல்லாம் அவன் முகத்தில் ஒரு தடவை வந்து போயிற்று.

பிறகு மேசையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டான்.

“அப்ப, நான் தேடி வந்தவங்க எங்க சார் இருக்காவ?”

“வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.”

இரண்டு பேரும் ஓ.பி. கூடத்தைத் தாண்டி, நீள நடையில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். லேப் வாசலில் பேச்சிமுத்து ஒதுங்கி நின்று வழி விட்டார்.

அமலோற்பவம் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எனக்கு எதுக்குய்யா? நான் என்ன செஞ்சேன்? அந்தப் பேருல இங்க யாரும் இல்லன்னுதான சொன்னேன்.”

லிங்கதுரை டப்பாவைத் திறந்து நீட்டினான்.

“அதுக்குத்தாம்மா.”